எதிரில் வருகிறவர்களுக்காக

ஹெல்மர், வட டகோட்டா
மார்ச் 16, 2022

அன்புள்ள ஆரின்,

உடம்பு எப்படி இருக்கிறது? நேற்றெல்லாம் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கர்ட்டிஸ் உன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே டிவி ஓடியதாம். உயிரோடுதான் இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டு திரும்பிவிட்டார். முட்டி வலியோடு உன் வீட்டு உறைபனிப் படிகளில் ஏற வைத்ததற்காக இன்னும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தில் பாதி ஹௌகன் டிரக்கிங்கின் முதலாளி எழுதுவது, பாதி உன் அக்கா எழுதுவது. முதலாளியை முதலில் முடித்து அனுப்பிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை கிராஃப்டன் கிளினிக்கில் நீ ஊதியபோது மது அளவு வரம்புக்கு மேல் இருந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதியபோதும் அப்படியே. சட்டப்படி அந்த நிமிடத்திலிருந்து நீ என் லாரியை மட்டுமல்ல, எவருடைய லாரியையும் ஓட்டக் கூடாது. நாடு முழுவதும் உள்ள லாரி ஓட்டுநர்களுக்காக அரசாங்கம் வைத்திருக்கும் பதிவில் உன் பெயரை நான் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டேன். நீ மறுபடி ஓட்ட விரும்பினால், இதற்கென்று தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரைப் பார்த்து, அவர் சொல்லும் சிகிச்சையை முடித்து, திரும்பவும் சோதனையில் தேற வேண்டும். அந்த ஆலோசகர்களின் பெயர்களை உனக்குத் தர வேண்டியது முதலாளியின் கடமை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி அக்கா. உருளைக்கிழங்கு சூப் செய்து கர்ட்டிஸிடம் கொடுத்தனுப்புகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வருவார். இந்தக் குளிரில் கெட்டுப்போகாது. சாப்பிடு.

அன்புடன்,
லவோன்


மைனாட் அருகிலிருந்து
ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் கர்ட்டிஸ் அத்தானும் நலம் என்று நம்புகிறேன். முட்டிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம். வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இந்தச் சிகிச்சை இல்லத்தில் சேர்ந்தவுடன் செல்போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். கடிதம் மட்டும் எழுதலாம். போனாக இருந்தால் நாம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சண்டை போட்டிருப்போம். ஆகவே இதுவும் நல்லதுதான்.

நீ அனுப்பிய பெயர்களில் முதல் ஆள் போனை எடுக்கவில்லை. இரண்டாவதாக எடுத்தவர் ரமோனா அஷூர் என்கிற அம்மாள். டர்டில் மவுண்டன் பக்கத்துக்காரர், இப்போது மைனாட்டில் இருக்கிறார், நம் அம்மா கடைசியில் இருந்த வயது இருக்கும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பதினாறு வருடமாக ஓட்டுகிறேன், ஒரு விபத்து கிடையாது, அப்பா ஆரம்பித்த கம்பெனி என்று எல்லாம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசியா நீ குடிக்காம படுத்த ராத்திரி எது?" என்றார். யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் எழுந்துபோய் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து, அதைக் குடித்தும் முடித்துவிட்டார்.

நான் எரிச்சலில், நீங்கள் என் பக்கமா, எங்கள் அக்கா பக்கமா என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் பக்கமும் இல்ல. நீ அவ்ளோ பெரிய வண்டிய ஓட்டிட்டுப் போறப்ப எதிர்ல ஒரு கார் வருது பாரு, அதுல உக்காந்திருக்கவங்க பக்கம். அவங்களுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது" என்றார்.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலை, கிளினிக்குக்கு அனுப்பும் முன், எல்லா ஓட்டுநர்களும் நின்று பார்க்க, முற்றத்தில் வைத்து என்னிடம் சாவியைக் கேட்டாய். வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

ஆரின்


ஹெல்மர்
ஏப்ரல் 18

அன்புள்ள ஆரின்,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலம். ஆறு பொங்கி மேய்ச்சல் நிலம்வரை வந்துவிட்டது. கிழக்கே போகும் சாலையை மூடியிருக்கிறார்கள், லோடெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. ஈஸ்டருக்கு ஹாம் செய்தேன். வழக்கம்போல அதிகம். உன் பங்கை வெர்லின் சாப்பிட்டான்.

சாவி விஷயம். உன்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருந்தால், அக்காவும் தம்பியும் ஏதோ பேசி முடித்துக்கொண்டார்கள் என்று வெளியே நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். இவர்களில் எவருடைய பெயர் வந்தாலும் நான் வண்டியிலிருந்து நேரே கிளினிக்குக்கு அனுப்புகிறவள். உனக்கு ஒரு சட்டம், வெர்லினுக்கு ஒரு சட்டம் என்று ஆனால், அதற்குப் பிறகு நான் சொல்வதை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அவமானமாக இருந்திருக்கும், தெரியும்.

உன் பெயரை நான் எடுக்கவில்லை. ஃபார்கோவில் இருக்கும் நிறுவனம் திடீர்ச் சோதனைக்காக எல்லோர் பெயரையும் கணினியில் குலுக்கிப்போட்டு எடுத்து அனுப்புகிறது. அதில் எனக்குக் கையும் இல்லை, வாயும் இல்லை.

உன் ஆறாம் எண் வண்டியை இப்போது வெர்லின் ஓட்டுகிறான். இருக்கையை நகர்த்திவிட்டான், உன் ரேடியோ நிலையத்தையும் மாற்றிவிட்டான். பார்வையாளர் நாளில் உன்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

ரமோனா அம்மாளை எனக்குப் பிடித்திருக்கிறது.

நல்லபடியாக இரு.
லவோன்


போமன் அருகே, கேலனின் பண்ணை
மே 9

அக்கா,

நான் நலம். சிகிச்சை இல்லத்திலிருந்து வெளியே வந்துவிட்டேன். ரமோனா சொன்னபடி வாரத்துக்கு இரண்டு கூட்டம் போக வேண்டும், அவரையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பினால் அதே நாற்காலி, அதே குளிர்பதனப் பெட்டி. அதனால் பெரியப்பா மகன் கேலனின் பண்ணைக்கு வந்திருக்கிறேன். வேலி கட்டுகிறோம். இந்தக் குன்றுகளில் போன் எடுக்காது, ஆகவே இனியும் கடிதம்தான்.

வெர்லின் வந்திருந்தான். நாள் முழுக்க என்னோடு உட்கார்ந்து சீட்டு விளையாடினான். போகிற நேரத்தில், பெரிதாக எண்ணாமல் ஒன்று சொன்னான்: "பேரு வியாழக்கிழமையே வந்துருச்சேப்பா. நான் ஆபீஸ்ல காபி எடுக்கப் போனேன், உங்க அக்கா கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. உன் பேரு பெருசா தெரிஞ்சுது."

வியாழக்கிழமை சாயங்காலம்வரை நான் முற்றத்தில்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமையும் இருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் நீயே எனக்கு சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்தாய். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாய். அப்போது அனுப்பவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் அனுப்பினாய். என் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும்.

ஏன் என்று எழுது. முட்டியைப் பற்றி எழுதாதே.

ஆரின்


ஹெல்மர்
ஜூன் 12

அன்புள்ள ஆரின்,

நலமாக இருக்கிறாயா? இங்கே குறை ஒன்றும் இல்லை. ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம். உன் பெயர் வியாழக்கிழமை வந்தது. நான்தான் திங்கட்கிழமைவரை வைத்திருந்தேன். அந்தக் காலாண்டு முடிவதற்குள் எந்த நாளில் அனுப்பினாலும் சரி என்பதுதான் விதி, அதை நான் மீறவில்லை. நீ கேட்டது விதியை அல்ல என்பதும் தெரியும்.

ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் எப்படிக் கண்டுகொள்வது என்று முதலாளிகளுக்கு ஒரு வகுப்பு உண்டு. நான் போயிருக்கிறேன். சான்றிதழ் மேஜைக்கு மேலே தொங்குகிறது, நீயே ஆணி அடித்துத் தந்தாய். வாடை அடித்தாலோ, பேச்சு குழறினாலோ, உடனே வண்டியிலிருந்து இறக்கிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஜோலீன் உன்னை விட்டுப்போன பிறகு, போன குளிர்காலம் முழுக்க, திங்கட்கிழமை காலைகளில் நீ வாயில் பெப்பர்மின்டோடு வந்தாய். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வெளியே வந்தால் வாடை அடிக்கும், அடித்தால் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லக் கூடாது என்றே வெளியே வராமல் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாண்ட்விச்சோடு வந்தது சொல்லிவிடலாம் என்றுதான். நீ சிரிக்கச் சிரிக்க ஏதோ சொன்னாய். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றே உன்னைக் கிளினிக்குக்கு அனுப்பியிருந்தால் நீ தேறியிருப்பாய். நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். திங்கட்கிழமை, பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில், முழு லோடு உருளைக்கிழங்கோடு நீ கிராண்ட் ஃபோர்க்ஸுக்குக் கிளம்பியிருப்பாய். நான் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்துபோயிற்று. சரி, கிளினிக் சொல்லட்டும் என்று விட்டேன்.

முகத்துக்கு நேரே சொல்லாதது என் கோழைத்தனம். அதற்கு வருத்தப்படுகிறேன். திங்கட்கிழமை அனுப்பியதற்கு வருத்தப்படவில்லை. இப்போது கேட்டாலும் அன்றைக்குத்தான் அனுப்புவேன்.

இதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் சாப்பிடு, தூங்கு, கூட்டத்துக்குப் போ.

லவோன்


போமன்
ஜூலை 3

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு வெயிலில் கழுத்து உரிந்திருக்கிறது, மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைத் தபால் நிலைய வாசலில் வைத்தே பிரித்துப் படித்தேன். எதிரே மதுக்கடை. பிக்கப் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைக்காரப் பெண் இரண்டு முறை வெளியே வந்து பார்த்தாள். கடைசியில் ஜன்னலைத் தட்டி, "யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். ஊருக்குள் போன் எடுக்கும். ரமோனாவைக் கூப்பிட்டேன். அவர் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். களை பிடுங்கியபடியே என்னைப் பேசவிட்டார். பேசி முடித்தபோது என் பிக்கப் பண்ணை வாசலில் நின்றது. பாதிப் பேச்சுக்கு மேல் சிக்னல் போய்விட்டது, நான்தான் தனியாகப் பேசிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அக்கா, ரமோனாவிடம் சொன்னதை உன்னிடமும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் டிரேட்டனில் லோடு இறக்கிவிட்டு முற்றத்துக்குத் திரும்பி வந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து யோசித்தால், வந்த வழி நினைவில் இல்லை. பாலம் தாண்டினேனா, எதிரே வண்டி வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எங்காவது இடித்திருக்கிறதா என்று. இல்லை. அன்று பயந்துபோனேன். இருந்தும் மறுநாள் ஏறி ஓட்டினேன். யாராவது என்னை நிறுத்த மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டேதான் ஓட்டினேன். யாரிடமும் கேட்கத் தெரியவில்லை.

நிறுத்தியது நீ. எந்தக் கிழமை என்பது இப்போது எனக்கு முக்கியமாகப் படவில்லை. நம் வீட்டில் இந்த வார்த்தை அதிகம் புழங்கியதில்லை, அதனால் கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது. நன்றி.

இலையுதிர் காலத்துக்குள் சிகிச்சை முடிந்ததாக எழுதித் தர முடியும் என்கிறார் ரமோனா. அக்டோபரில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை தொடங்கும்போது உனக்கு ஆள் போதாது. ஆறாம் எண் வண்டியை எனக்கு வைத்திரு. இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

அன்புள்ள தம்பி,
ஆரின்


ஹெல்மர்
ஆகஸ்ட் 7

அன்புள்ள ஆரின்,

நலம்தானே? உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கர்ட்டிஸுக்கும் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய் பட்டறையில் வெகுநேரம் எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். நீ எழுதிய அந்த வார்த்தை கோணலாகத் தெரியவில்லை. எனக்கு அது தேவைப்பட்டது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஆலங்கட்டி மழை கொட்டிவிட்டது. நம் நிலத்துக்குச் சேதமில்லை, மேற்கே இருப்பவர்களுக்கு கோதுமை போயிற்று. தேவாலயத்தில் பை பலகாரம் சுட்டு விற்றுப் பணம் திரட்டினோம். நான் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பை முதலில் தீர்ந்தது என்று எழுதினால் பெருமை பேசுகிறேன் என்பாய், ஆனாலும் தீர்ந்தது. முட்டியைப் பற்றி எழுதக் கூடாது என்றாய். இருந்தாலும் அதற்கு அறுவை சிகிச்சை நாள் குறித்துவிட்டார்கள், சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு மாதம் அவருக்குக் காலுறை மாட்டிவிட வேண்டுமாம். யார் மாட்டுவது என்று உனக்கே தெரியும்.

பீட்ரூட் இந்த வருடம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உனக்குக் கையுறையும் கழுத்துக்கு மருந்தும் அனுப்பியிருக்கிறேன். தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய்.

அன்புடன்,
லவோன்


போமன்
செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். அத்தானுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? கையுறை பொருத்தமாக இருக்கிறது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ ஆலங்கட்டி, பை, காலுறை எல்லாவற்றையும் எழுதினாய். கேலன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல ட்ரக் எங்கடா இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தான். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் முடியாது என்று சொல்லியிருப்பார்கள், அதை எழுத உனக்குக் கை வரவில்லை. சரியா? கோபம் இல்லை, அக்கா. வேலி கட்டிக்கொண்டே நிறைய யோசித்தேன். நீ சரி என்று எழுதியிருந்தால், நான்தான் வேண்டாம் என்று எழுத வேண்டியிருந்திருக்கும். நீ மறுபடி அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்பாய். நான் ஒரு தும்மல் போட்டால்கூட என்ன என்று பார்ப்பாய். நான் தேறினாலும் தேறாவிட்டாலும் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னைச் சோதனைக்கு அனுப்புகிற ஆள் வேறு யாராவதாக இருக்கட்டும். நீ எனக்கு அக்காவாக மட்டும் இரு. அது போதும்.

டிக்கின்சனில் டேல் குட்ர்னா என்று ஒருவர், சரளைக்கல் லாரிகள் வைத்திருக்கிறார். நேரில் போய், நடந்ததை நானே சொன்னேன். பதிவில் எப்படியும் பார்க்கத்தான் போகிறார். "பாத்துட்டேன். நீயா சொல்றியான்னுதான் காத்திருந்தேன்" என்றார். பழைய முதலாளியிடம் விசாரிக்க வேண்டியது சட்டம், ஆகவே உன்னைக் கூப்பிடுவார். தம்பி என்று பார்க்காதே. உள்ளதைச் சொல்.

ஆரின்


ஹெல்மர்
அக்டோபர் 3

அன்புள்ள ஆரின்,

அறுவடை தொடங்கிவிட்டது. இரவும் பகலும் வண்டிகள் ஓடுகின்றன, நான் சமையலறை மேஜையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். எல்லோரும் நலம். கர்ட்டிஸ் கோலூன்றி நடக்கிறார், அந்தக் கோலால் நாயையும் என்னையும் ஏவுகிறார்.

நீ யூகித்தது சரி. உன்னை மறுபடி ஏற்றினால் கம்பெனி முழுவதற்கும் காப்பீட்டை நிறுத்திவிடுவதாக ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு முறை நேரில் போய்க் கேட்டேன். வண்டி கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் நீ வேலிக் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து எழுதாமல் இருந்துவிட்டேன். உனக்கு நம்பிக்கை வேறு இடத்தில் இருந்திருக்கிறது. அதற்காக தேவாலயத்தில் உட்கார்ந்து மனதாரக் கும்பிட்டேன்.

குட்ர்னா கூப்பிட்டார். சட்டம் கேட்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். முடிந்ததும், நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன். சாவியைக் கேட்டவுடன் தகராறு செய்யாமல் கொடுத்தவன், பெயர் கொடுத்த ஆலோசகரைத் தானே தேடிப்போனவன், வேறு யாருடைய தம்பியாக இருந்தாலும் இதையே சொல்வேன் என்றேன்.

"அதெல்லாம் சரிங்கம்மா. வண்டியக் கழுவுவானா?" என்றார்.

கழுவ மாட்டான், அதை மட்டும் நீங்கள்தான் பழக்க வேண்டும் என்றேன். திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார்.

இனி உனக்கு எப்போது திடீர்ச் சோதனை என்பது குட்ர்னாவுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

லவோன்


டிக்கின்சன்
நவம்பர் 2

அன்புள்ள அக்கா,

நலம், நலம். குட்ர்னாவின் பட்டறைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். வெந்நீர் உண்டு, ஜன்னல் உண்டு, ஜன்னலுக்கு வெளியே சரளைக்கல் மலை.

வேலையில் சேரும் முன் சோதனை நடந்தது. ஊதினால் மட்டும் போதும் என்று நினைத்துப் போனேன். ரமோனா, போதைப்பொருள் சோதனையும் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். சிறுநீருக்கு ஒரு கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு ஆள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் விதியாம். நாற்பத்தேழு வயதில் இப்படி நிற்கிறேனே என்று இருந்தது. அவனுக்கும் கூச்சம்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்த வருசம் மான் வேட்டைக்குப் போறீங்களா?" என்று கேட்டான். பாவம், அவனும் என்ன செய்வான்.

போன வாரம் முதல் திடீர்ச் சோதனை. லோடு ஏற்றிக்கொண்டு நின்றவனைக் குட்ர்னா இறங்கு என்றார். கிளினிக்குக்குப் போகும் வழியில் என் இதயம் அடித்துக்கொண்டது. நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும், ஆனாலும் அடித்தது. ஊதினேன். அந்தப் பெண் காகிதத்தைக் காட்டி, ஒன்றுமில்லை, போகலாம் என்றாள். வெளியே வந்து பிக்கப்பில் உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை என்று ஒருவர் என்னைப் பற்றிச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. நான் சொன்னதை யாரும் நம்ப வேண்டியதில்லை, நானும் யாரிடமும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ஊதினால் போதும். இந்தச் சோதனைகளை நான் வெறுப்பேன் என்று நினைத்திருந்தேன்.

நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வரட்டுமா? ஒரு நாள் விடுப்பு தருகிறார். லெஃப்ஸா ரொட்டி சுடுவாய் அல்லவா?

ஆரின்


ஹெல்மர்
டிசம்பர் 7

அன்புள்ள ஆரின்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று கேலன் சொன்னான். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. வான்கோழியின் மிச்சம் நேற்றுத்தான் தீர்ந்தது. மேஜையில் எல்லோரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொன்னபோது, கர்ட்டிஸ் புது முட்டிக்கு என்றார், நான் பீட்ரூட் விளைச்சலுக்கு என்றேன், நீ கிரேவிக்கு என்றாய். நம் குடும்பம் இப்படித்தான். பாத்திரம் கழுவும்போது நீ பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தாயே, அதிலேயே எனக்கு நிறைந்துவிட்டது.

இதை எழுதுவது வேறொன்றுக்காக. வெர்லின் பற்றி.

நீ போன மறுவாரம், அவன் பீட்ரூட் குவியலிலிருந்து சர்க்கரை ஆலைக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தான். காலையில் வண்டியில் ஏறினான், ஆனால் வண்டி கிளம்பவில்லை. எஞ்சின் மட்டும் ஓடுகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டீயரிங் மேல் தலை சாய்கிறது, நிமிர்கிறது, மறுபடி சாய்கிறது. இரண்டு நாளாக அவன் பேச்சும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஆரின், நான் வெளியே போனேன். பனியில் நடந்து, படியில் ஏறி, கதவைத் திறந்தேன். "வெர்லின், நீ சரியா இல்ல. என்ன சாப்பிட்டேன்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த வண்டி இன்னிக்கு உன் கையால நகராது. இறங்கி வா, நானே உன்னக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். என் வாயிலிருந்தா வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் முதலில் திட்டினான். பிறகு அழுதான். இடுப்பு வலிக்கு, அவன் மனைவிக்கு அறுவை சிகிச்சையின்போது கொடுத்த வலி மாத்திரைகளை அறுவடைக் காலம் முழுக்க விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது அது இல்லாமல் எழுந்திருக்க முடியவில்லையாம். சோதனை முடிவும் அப்படியே வந்திருக்கிறது. அவன் பெயரையும் பதிவில் ஏற்றிவிட்டேன்.

ஆலோசகர்களின் பெயர்களைக் கொடுத்தேன். அவன் படிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஆரின் எங்க போனான்? அவன் விலாசம் குடு" என்றான். உன்னைக் கேட்காமல் கொடுப்பது சரியா என்று யோசித்தேன். பிறகு கொடுத்துவிட்டேன். அறுபத்து மூன்று வயது ஆள், தலையைத் தூக்காமல் நின்றான்.

லவோன்


டிக்கின்சன்
டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பனி இடுப்பளவு. நான் சுகம்.

வெர்லினின் கடிதம் உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. நாலே வரி. எழுத்தெல்லாம் மேலும் கீழுமாக இருந்தது. அவனுக்குப் பதில் எழுதுவதைவிட நானே நேரில் போய் அழைத்துக்கொண்டு போவதுதான் சரி என்று தோன்றியது. குட்ர்னாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "போயிட்டு வா. வந்து வண்டியக் கழுவிடு" என்றார்.

சனிக்கிழமை ஹெல்மருக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் சாப்பிட்டுவிட்டுப் போ என்பாய், பனிப்புயலுக்கு முன் மைனாட் போய்ச் சேர வேண்டியிருந்தது. வெர்லின் பெட்டியோடு வாசலில் நின்றான். அவன் மனைவி தெர்மாஸில் காபி கொடுத்தாள். நான்தான் ஓட்டினேன். நான் ரேடியோவை அவனுக்குப் பிடித்த நிலையத்தில் வைத்தேன். டெவில்ஸ் லேக் தாண்டியதும் ரமோனாவைப் பற்றிக் கேட்டான். உன் பக்கம் இருக்க மாட்டார், ஆனால் விட மாட்டார் என்றேன்.

அப்புறம் திடீரென்று உன்னைப் பற்றிப் பேசினான். கோபமாகப் பேசப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"உங்க அக்கா கதவத் தெறந்து பேசினாளே, குரல் இரும்பு மாதிரி இருந்துச்சு. ஆனா கதவப் புடிச்சிருந்த கை அப்பிடி நடுங்குச்சு ஆரின். அதப் பாத்துத்தான் நான் இறங்கினேன். இல்லாட்டி வண்டிய எடுத்திருப்பேன்."

இதைச் சொல்லிவிட்டு அப்படியே தூங்கிவிட்டான். எதிரே ஒவ்வொரு காராக, பனியில் மெதுவாக விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ரமோனா வாசலில் சால்வையோடு நின்றார். வெர்லினிடம், சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார்.

அக்கா, மார்ச்சில் நீ சாவி கேட்டு என் முன்னால் கை நீட்டியபோது, நான் உன் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

உன் தம்பி,
ஆரின்